மட்கார்டு உட்காரும் இடமில்லை, தேனு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீயாக ஃபோன் செய்யவில்லை. நான் கூப்பிட்டாலும் வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். ஃபோனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். திருத்தங்கல் அச்சகத்தில் இத்தனை வருடமாக யார் யாரோ எழுதியதை மடித்துத் தைத்து அடுக்கியிருக்கிறேன். நானாக உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எதையும் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படி.

உங்கள் வீட்டுக்குப் புது டிராக்டர் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அன்று காலையில் சாத்தூர் பஸ்ஸில் வரும்போது மடியில் பூ மாலையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை இனி வாடகை வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மழை பெய்த மறுநாளே உழுதுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் வந்தேன். சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்கு வண்டியை எடுக்கும் வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். ஒரு பக்கத்து மட்கார்டில் நீ ஏறினாய். கவினைத் தூக்கி இன்னொரு பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கையை எடுத்து அப்பாவின் சட்டைக் காலரில் பிடிக்க வைத்தார்கள். எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவன் கால் எட்டாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு நேர் கீழே அவன் உயரத்தைவிடப் பெரிய சக்கரம்.

நான் முன்னால் போய், "மாப்ளே, பிள்ளைய மட்டும் எறக்கிவிட்டுட்டு ஓட்டுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். உன் மாமனார் சிரித்துவிட்டார். "வெடி ஊர்ல பொறந்துட்டு டிராக்டருக்குப் பயப்படுறீகளே, சம்பந்தி" என்றார். அவர் மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீ குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்ல நாள்ல எதையாவது பேசாதம்மா" என்றாய். வண்டி கிளம்பிவிட்டது. நான் கோயில் வரைக்கும் பின்னாலேயே வந்தேன். யார் என்ன கேட்டார்கள், நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கவினின் கை அந்தக் காலரை விட்டுவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். தேனு, எனக்கு அதுதான் பெரிய பயமாக இருக்கிறது. ஒன்றும் ஆகாமல் திரும்பி வருகிற ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுத்துவிடும். குருசாமி மாமாவுக்கும் அப்படித்தான் ஆனது.

மாமாவை உனக்கு நினைவிருக்காது. டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனார் என்று மட்டும் உனக்குச் சொல்லி வளர்த்தேன். எப்படி, யார் யார் இருந்தார்கள் என்று நான் சொன்னதில்லை. நீயும் ஒரு படத்துக்கு மாலை போடுகிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு போய்விட்டாய். இப்போது சொல்கிறேன்.

மாமா எனக்கு அண்ணன். ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கரிசல் புஞ்சையில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார். சொந்தமாக டிராக்டர் வாங்கி ஊருக்கெல்லாம் உழுது கொடுத்தார். நல்ல டிரைவர் என்று பேர். வரப்பை உரசாமல் திருப்புவார். குடிக்க மாட்டார், வேகமாகப் போக மாட்டார். அவர் பெண்சாதி மாரித்தாய் அத்தை, எனக்கு மதினி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அண்ணனுக்கு எப்போதும் அவளைப் பற்றித்தான் பயம். சாயங்காலம் கம்பெனி வேன் வருகிற நேரத்தில் எந்தப் புஞ்சையில் உழுதுகொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பார். எங்கேயாவது சத்தம் கேட்டால், கல்குவாரியில் வைத்த வெடியாக இருந்தாலும், அவர் முகம் மாறிவிடும். வேலையை விட்டுவிடச் சொல்லி அவளிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். சாவு வந்தால் அந்தக் கம்பெனிப் பக்கமிருந்துதான் வரும் என்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதினி வேலைக்குப் போகிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். கொண்டை ஊசி, இரும்பு வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைப்பாள். நூல் சேலை தவிர வேறு கட்ட மாட்டாள். அறைக்குள் போகுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்து உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. சீசன் நேரத்தில் ஆர்டர் நெருக்கினால், இன்னும் ரெண்டு பேர் உட்காருங்கள் என்று மேற்பார்வை பார்க்கிறவர் சொல்வார். மதினி எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். அவளைத் திட்டுவார்கள். அவள் பதிலுக்குச் சத்தம் போட மாட்டாள், உள்ளேயும் போக மாட்டாள். அவளோடு வேலை பார்த்தவர்களில் சிலர் இன்று இல்லை. அதனால் வந்த பிடிவாதம் அது. கம்பெனி நல்ல இடம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பயம் என்ற ஒன்று இருந்தது. எங்கள் புஞ்சையில் அது இல்லை.

அந்த வருடம் மக்காச்சோளம் அறுத்து மூட்டை பிடிக்கிற நேரத்தில் எதிர்பாராத மழை. நான் உன்னை அழைத்துக்கொண்டு ஒத்தாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். உனக்கு நாலு வயது. காலையில் எழுந்ததும் மாமா எங்கே, டிராக்டர் எங்கே என்பதுதான் உன் முதல் கேள்வி. மட்கார்டில் உட்கார்ந்து மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுவதும் சுற்றினாய். எல்லாருக்கும் அது வேடிக்கை. எனக்கும்தான். பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, நமக்கு வேலை ஓடுகிறதே என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் மூட்டை ஏற்றிய டிரெய்லர் ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சக்கரம் பாதி வரைக்கும் புதைந்து நின்றது. மேலே மறுபடியும் மழைக் கருக்கல் கட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் சோளம் முளைவிட்டுவிடும் என்று அண்ணனுக்கு அவசரம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரை முன்னால் கொஞ்சம் கெட்டியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சங்கிலி போட்டு இழுத்துப் பார்க்கலாம் என்றார். டிராக்டரின் பின்னால் கீழே, தரைக்குப் பக்கத்தில், டிரெய்லர் மாட்டுகிற கொக்கி இருக்கிறது. அதில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். அங்கே மாட்டி இழுத்தபோது சக்கரம் வழுக்கியது. கொஞ்சம் மேலே மாட்டினால் பிடிப்புக் கிடைக்கும் என்று, கலப்பையின் மேல்கம்பியை மாட்டுகிற இடத்தில் சங்கிலியைக் கோத்தார். அப்படிச் செய்வது அவருக்குப் புதிதில்லை. ஊரில் எல்லாரும் செய்வதுதான். இவ்வளவும் நடக்கும்போது நீ மட்கார்டில்தான் உட்கார்ந்திருந்தாய்.

இடி மின்னல் வந்தால் கம்பெனியில் வேலையை நிறுத்தி அனுப்பிவிடுவார்கள். அதனால் மதினி அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகாமல் நேராகப் புஞ்சைக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்று புதைந்த டிரெய்லரைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். அவளுக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "பிள்ளைய எறக்கிவிடுங்க" என்றாள்.

அண்ணன் சிரித்தார். "அவ என்ன இன்னைக்குப் புதுசாவா ஏறுறா? ஒன் கம்பெனிச் சட்டத்தையெல்லாம் இங்கன கொண்டாராத."

"ஒரு ஆள் உக்கார்ற எடத்துல ரெண்டு பேரு எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவரோடு பேசிக்கொண்டு நிற்கவில்லை. சேற்றில் இறங்கி வந்து உன்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். நீ விடவில்லை. மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாய், அத்தையின் கையைக் கடித்தாய். சட்டை கிழிந்துவிடும் போலிருந்தது. கடைசியில் மாமாவே உன் விரல்களைப் பிரித்துவிட்டு, "போ தாயி, மூட்டைய வெளிய இழுத்துட்டு ஒன்னைய ஏத்திக்கிறேன்" என்றார். மதினி உன்னை வரப்பு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

மாமா கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அவர் திரும்பி டிரெய்லரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது நகருகிறதா என்று. முன்பக்கம் தூக்குவதை அவர் பார்த்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்குமுன் வண்டி அப்படியே மல்லாந்து பின்பக்கமாக அவர்மேல் விழுந்துவிட்டது. தேனு, ஒரு பெரிய சத்தம் வரும் என்று நினைப்பாய். சேறு என்பதால் பெரிய சத்தம்கூட இல்லை. மேலே பார்த்தபடி பின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மதினிதான் முதலில் ஓடினாள். நான் உன் முகத்தை என் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். நீ இன்னும் டிராக்டரில் ஏற்றச் சொல்லி அழுதுகொண்டிருந்தாய்.

வேறொரு டிராக்டரைக் கொண்டுவந்துதான் தூக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பிற்பாடு ஒரு மெக்கானிக் எனக்கு விளக்கினார். பாரம் நகராமல் பிடித்துக்கொண்டால் பின் சக்கரத்தால் முன்னால் போக முடியாது. ஆனால் எஞ்சின் விடாமல் திருகிக்கொண்டே இருக்கும். அந்தப் பலம் வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும். சங்கிலி கீழே இருந்தால் சக்கரம் வழுக்கும், இல்லையென்றால் எஞ்சின் அணைந்துவிடும். மேலே இருந்தால் வண்டி மல்லாந்துவிடும், குதிப்பதற்குக்கூட நேரம் கிடைக்காது என்றார். எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் அப்படித்தானாம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. எழவு வீட்டில் உட்கார்ந்தே பேசினார்கள். பிள்ளை வண்டியில் இருந்திருந்தால் குருசாமி மெதுவாக எடுத்திருப்பான், பிள்ளையை இறக்கச் சொன்னதால்தான் துணிந்து இழுத்தான் என்றார் ஒருவர். கிளம்புகிற நேரத்தில் இவள் வந்து பேச்சுக் கொடுத்தாள், அவன் கவனம் சிதறிவிட்டது என்றார்கள். எல்லாம் மதினியின் காதில் விழுந்தது. நான் எழுந்து நின்று, என் மகள் உயிரோடு இருக்கிறாளே அது யாரால் என்று கேட்டேன். அண்ணன் சாவு வீட்டில் இப்படிக் கத்துகிறாளே என்று என்னையும் பேசினார்கள். மதினி பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த ஊரை விட்டுவிட்டு, விஸ்வநத்தத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு, மறுபடியும் அதே கம்பெனிக்குப் போனாள். இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

நீ வளர வளர அந்த அத்தை வீட்டுக்கு வர மாட்டேன் என்பாய். எதற்கெடுத்தாலும் கண்டிக்கிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்பாய். உன் கல்யாணத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, சாப்பிடாமல் போய்விட்டாள் என்று நீ வருத்தப்பட்டாய். அவளால் உன்னைப் பார்க்காமலும் இருக்க முடியாது, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று முன்பு ஒரு தடவை அவளிடம் கேட்டேன். "அவ உசுரோட இருக்கதுல, மாமன் செத்த கதையும் ஒட்டிக்கிட்டு வரணுமா? சந்தோசமா இருக்கட்டும், விடு" என்றாள். அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளிடம் போனேன். உங்கள் வீட்டு டிராக்டர் படத்தை யாரோ அவளுக்கும் அனுப்பியிருந்தார்கள். அதை அவள் பார்த்துவிட்டாள் என்பது, நான் உள்ளே நுழைந்ததும் அவள் முகத்திலேயே தெரிந்தது. தேனுவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவள் அந்தப் படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "சொல்லிரு. அன்னைக்குச் சொல்லாதது அவளுக்காக. இன்னைக்குச் சொல்லாம இருந்தா அது நமக்காக" என்றாள்.

ஆகவே கேள் தேனு. மட்கார்டு உட்காருகிற இடமில்லை. அது சக்கரத்தின்மேல் சேறு அடிக்காமல் இருக்கப் போட்ட தகரம். டிராக்டரில் ஒரு இருக்கைதான் இருக்கிறது, அதில் ஓட்டுகிறவர் மட்டும் உட்காரட்டும். கவின் வேண்டாம், நீயும் வேண்டாம். ஒரு குழியில் இறங்கி ஏறினாலே போதும், காலரைப் பிடித்திருக்கிற பிள்ளைக் கை எவ்வளவு நேரம் தாங்கும்? கதிரடிக்கிற மிஷினைப் பின்னால் மாட்டி ஓட்டும்போது, எஞ்சினிலிருந்து அதற்குப் போகிற இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுவது கண்ணுக்கே தெரியாது, சும்மா நிற்கிற கம்பி மாதிரி இருக்கும். அதைத் தாண்டிப் போகாதே. சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டுத்தான் எல்லாரும் தாண்டுகிறார்கள். உன் துப்பட்டா நுனி அதில் பட்டால் போதும், ஆளையே இழுத்துவிடும். அதன்மேல் போடுகிற மூடி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார். மசகு போட இடைஞ்சலாக இருக்கிறது என்று யாராவது கழற்றிப் போட்டிருந்தால் தேடி மாட்டச் சொல். எதை இழுத்தாலும் சங்கிலியைக் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும் என்று சொல். கண்மாய்க் கரையில் ஓரமாக ஓட்டும்போதும் சறுக்கலில் திருப்பும்போதும் அவசரம் வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் மாப்பிள்ளைக்குக் கோபம் வரலாம். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இதை எழுதத் தொடங்கியபோது மாப்பிள்ளையிடம் நான் பேசியிருக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் மாமியார் போய்ப் புத்தி சொல்வதா என்று தயங்கினேன். நேற்றுக் காலையில் மனசு கேட்கவில்லை, நானே அவருக்கு ஃபோன் செய்தேன். அவர் புஞ்சையில் இருந்தார், பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "சங்கிலிய எங்கன மாட்டுனாக, அத்தை?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மாதிரி அந்த இடத்தைச் சொன்னேன்.

"நானும் அங்கனதான் மாட்டுவேன், அத்தை" என்றார். "எங்கப்பாவும் அங்கனதான் மாட்டுவாக. போன மழைக்குக்கூட வாடகை வண்டிய நானே ஓட்டி அப்பிடித்தான் இழுத்தோம். கவினு எம் மடில இருந்தான்."

தேனு, இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இதற்காக நீ அவரிடம் சண்டைக்குப் போகாதே. உண்மையை மறைக்காமல் என்னிடம் சொன்னாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. இனிமேல் கவினை ஏற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். சங்கிலியைக் கீழே மாட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் அதையும் கேட்டேன். "எங்கப்பா இருக்கையில நான் கீழ மாட்டுனா, ஒனக்கு ஓட்டத் தெரியலைன்னு சிரிப்பாக" என்றார். பிறகு, மாரித்தாய் அத்தையை ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வர முடியுமா, அவர் சொன்னால் அப்பா ஒருவேளை கேட்பார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மதினியிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். கேட்டேன். அண்ணன் போனதிலிருந்து அவள் ரோட்டில் டிராக்டர் வந்தால்கூட நின்று, அது போன பிறகுதான் நடப்பாள். உன் மாமனார் சிரித்தால் என்ன செய்வாள் என்றும் எனக்குத் தெரியவில்லை. எழவு வீட்டில் பேசினவர்கள் மாதிரி அவரும் ஏதாவது சொல்லிவிடலாம். ஆனாலும் அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவோம். டிராக்டரை வாசலிலிருந்து எடுத்துப் பின்னால் நிறுத்தச் சொல். அவளிடம் நீ எதுவும் கேட்க வேண்டாம், நன்றி என்றெல்லாம் சொல்ல வேண்டாம், அவளுக்கு அது தாங்காது. வாசலுக்கு வந்து, "வாங்க அத்தை, சாப்பிட்டீகளா" என்று கேள். சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள். நீ அதைக் காதில் வாங்காமல் இலையைப் போட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

உன் அம்மா